சனிக்கிழமை சாயங்காலமே தொடங்குகிற ஞாயிறு

கோலாலம்பூரில் ஞாயிறு ஆராதனைக்கு முதல் எதிரி எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: இங்கிலீஷ் பிரீமியர் லீக். அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் நமக்கு இரவு 10 மணிக்கோ 11 மணிக்கோ வருகிறது. அதற்கு அடுத்த ஆட்டம் ஆரம்பிப்பதே நள்ளிரவுக்கு மேல்தான். எங்கள் வீட்டுக்காரரும் மகனும் ஆளுக்கொரு அணி. ஒரு கோலுக்கு ஒருவர் கத்துவார், அடுத்த கோலுக்கு மற்றவர். மறுநாள் காலை 9 மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஆராதனை. செந்தூலிலிருந்து கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒருவர் குளியலறையில் இருப்பார், இன்னொருவர் போர்வைக்குள்.

அப்புறம் நடப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இஸ்திரி போடாத சட்டை, ஒற்றைக் காலுறை, "பைபிள் எங்க வெச்சீங்க?", காரில் ஆளுக்கொரு பக்கம் முகம். ஆலய வாசலில் இறங்கியதும் எல்லோரும் சிரித்தபடி "ஸ்தோத்திரம், நல்லா இருக்கீங்களா?" இதைப் பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாசலில் வரவேற்க நிற்பவரிடம் சிடுசிடுப்பைக் காட்டுவதைவிட அது மேல். ஆனால் இரண்டாவது பாட்டு முடிகிற வரை மனம் இன்னும் காரில்தான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில், ஆராதனைக்கு இருதயத்தை ஆயத்தப்படுத்துவது என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். அங்கே சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆயத்தம் என்றதும் கண்ணை மூடி, மனதை அடக்கி, உள்ளம் உருகுகிற ஒரு நிலைக்கு வருவது என்று நினைத்துக்கொள்கிறோம். அது வந்தால் சந்தோஷம். ஆனால் என் அனுபவத்தில் ஆயத்தத்தின் முக்கால்வாசி, உள்ளம் உருகுவதோடு சம்பந்தமே இல்லாத வேலை. அதிலும் பாதி, சனிக்கிழமையே முடித்துவிட வேண்டிய வேலை. இதை நான் பிரசங்கம் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. மாமியாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அத்தை ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தத் தோட்டத்துச் சபைக்கு ஐயர், அதாவது போதகர், மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நடத்துவார். ஐயர் வருகிற ஞாயிறு என்றால், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து உண்டு. திருவிருந்து எடுக்கிறவர்கள் முந்தின நாளே உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் பெயர் கொடுக்க வந்தால், உபதேசியார் நோட்டை மூடி வைத்துவிட்டு இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசுவாராம். சமாதானம் ஆன பிறகுதான் நோட்டு திறக்குமாம். இது அவராகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எங்கள் லூத்தரன் சபைகளுக்கு அடிப்படையான, 1530-ல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலேயே, முன்கூட்டி விசாரிக்கப்பட்டுப் பாவமன்னிப்பு பெறாதவர்களுக்குத் திருவிருந்து கொடுப்பது எங்கள் சபைகளில் வழக்கமில்லை என்று இருக்கிறது. ஜெர்மனியில் எழுதி வைத்தது ரவாங் தோட்டத்து லயத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சில் நடந்திருக்கிறது.

அந்தத் தோட்டம் இன்று தாமானாக, வீடுகள் நிறைந்த குடியிருப்பாக, ஆகிவிட்டது. பெயர் எழுதுகிற நோட்டும் எங்கள் சபையில் இப்போது இல்லை. அத்தையின் சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. சாயங்காலம் 4 மணிக்கு மேல் அவரை வேறு வேலைக்கு அசைக்க முடியாது. மறுநாள் கட்டும் சேலையை எடுத்து மடிப்புக் கலையாமல் நாற்காலி முதுகில் போடுவார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து பைபிள்மேல் வைப்பார். கடைசியாகக் காணிக்கை. ரிங்கிட் நோட்டை நான்காக மடித்து, அதன்மேல் சில்லறையை வைத்து, கைக்குட்டையின் ஒரு மூலையில் சுருட்டி இரண்டு முடிச்சுப் போடுவார். மறுநாள் காணிக்கைப் பை வரும்போது அந்த முடிச்சை அவிழ்க்க அவர் படும் பாட்டில் காணிக்கைப் பாட்டே முடிந்துவிடும். "பைக்குள்ளயே வெச்சுக்கலாமே அத்தை" என்று கேட்டால், "ராத்திரியே முடிஞ்சு வெச்சாத்தான்மா அது என் காசு இல்லன்னு எனக்குத் தெரியும்" என்பார்.

வேதத்தில் இதற்கு இடம் உண்டு. யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளுக்கு ஆயத்தநாள் என்றே பெயர் என்று மாற்கு எழுதுகிறார். அதற்கும் வெகு முன்பே, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா உணவாக விழுந்த காலத்தில், ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்துக்கொள்ளுங்கள் என்று மோசே சொன்னது யாத்திராகமம் 16-ல் இருக்கிறது. ஆக, சமையலும் ஆயத்தத்தில் சேர்த்திதான். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கோழி, சனி இரவே மசாலா பிரட்டி ஐஸ்பெட்டிக்குள் போய்விடுகிறது. பிரசங்க நேரத்தில் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி ஓடுகிற கணக்கு அதனால் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகள்தான் பொறுப்பு.

காற்பந்து விஷயத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். சீக்கிரம் வருகிற ஆட்டத்தைப் பார்க்கலாம். நள்ளிரவு ஆட்டத்தைப் பதிவு செய்து ஞாயிறு மத்தியானம் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் ஸ்கோர் சொல்லக்கூடாது என்பது மகனின் நிபந்தனை. வாசலில் கைகுலுக்குகிற அங்கிள் ஒருவர் இதை அடிக்கடி கெடுத்துவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

அத்தையின் முடிச்சை நான் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டேன். இப்போது டியூட்நவ் கியூஆரில், அதாவது கைத்தொலைபேசியில் குறியீட்டை ஸ்கேன் செய்து, காணிக்கை அனுப்புகிற வசதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் காணிக்கை நேரத்தில் கைத்தொலைபேசியைத் திறந்தால், வங்கிச் செயலி வருவதற்குள் வாட்ஸ்அப் வந்துவிடுகிறது. குடும்பக் குழுவில் யாரோ காலை நாசி லெமாக்கைப் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு சிரிப்பு, தலை நிமிர்ந்தால் ஐயர் பிரசங்கபீடத்தில் நிற்கிறார். அதனால் கியூஆர் என்றால் சனி இரவே அனுப்பிவிடுவது, ரொக்கம் என்றால் அன்றே உறையில் போட்டுவிடுவது. பிறகு ஆராதனை முடிகிற வரை தொலைபேசி பைக்குள்தான். பைபிளும் அச்சுப் புத்தகம்தான். செயலியில் வசனம் தேடுவது வேகமாக இருக்கலாம், ஆனால் தேடிய வசனத்தோடு அது நிற்பதில்லை.

துணி, காணிக்கை, கோழி எல்லாம் சுலபம். சனிக்கிழமை வேலைகளில் ஒன்று மட்டும் கடினம். மத்தேயு 5-ல் இயேசு சொல்கிறார்: பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். மனப்பாடமாகத் தெரிந்ததாலேயே இரண்டு விஷயங்களை நான் வெகு காலம் கவனிக்கவில்லை.

ஒன்று, இந்தப் பிரசங்கம் நடந்தது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். அந்தக் காலத்தில் நடந்து போக ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். காணிக்கையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றால், ஆட்டை அங்கே விட்டுவிட்டு மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், பேசி முடித்து, மறுபடியும் மூன்று நாள் நடந்து வா என்று அர்த்தம். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். இரண்டாவது, எனக்கு யார்மேல் குறை என்று அந்த வசனம் கேட்கவில்லை. யாருக்கு என்மேல் குறை என்று கேட்கிறது. அந்தக் குறை நியாயமா, அநியாயமா என்ற விசாரணையும் அங்கே இல்லை.

என் தங்கை பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அம்மா காலமான பிறகு, அவர் இருந்த வாடகை வீட்டை மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சாமான்களைப் பிரித்தோம். அம்மாவின் தையல் மெஷினை நான் ஒரு விதவைத் தாய்க்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டவர், அதில் தைத்துத்தான் இன்றுவரை குடும்பத்தை நடத்துகிறார். கொடுத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தங்கை அந்த மெஷின் சத்தத்தில் வளர்ந்தவள். மிதிக்கட்டைமேல் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை தைத்தவள். "என்னைய ஒரு வார்த்தை கேக்கலியேக்கா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின ஒரு சனிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னக்கா, யாருக்காச்சும் முடியலியா?"

"இல்ல, எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மா மெஷினப் பத்திப் பேசணும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இப்ப எதுக்கு அது?"

"உன் மனசுல இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருக்கேன்."

"சரிக்கா. சோறு வடிக்கணும். அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான். அழுகையும் இல்லை, அணைப்பும் இல்லை. கூடுமானால், உங்களால் ஆனமட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதியதில் "கூடுமானால்" என்று ஒரு சொல் இருப்பதற்கு அன்று நன்றி சொன்னேன். மறுநாள் பாவ அறிக்கையை வழக்கமான வேகத்தில் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அடுத்த வரிக்குப் போன பிறகும் நான் முந்தின வரியிலேயே நின்றேன். ஆயத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்களோ என்று அப்போதுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு பேசிக்கொள்கிறோம், நீளமாகவே பேசிக்கொள்கிறோம். மெஷின் பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

இதில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் அதை நான்கு முறை படித்து நான்கு விதமாக அர்த்தம் எடுப்பார்கள். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "நாளைக்குத் திருவிருந்து, அதனாலதான் பேசுறேன்" என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். உங்கள் திருவிருந்து நல்லபடி நடக்க நான் ஒரு படிக்கட்டா என்று அவருக்குத் தோன்றும், அதில் தப்பும் இல்லை. இன்னொன்று முக்கியம். அடித்தவரோடும் மிரட்டியவரோடும் தனியாகப் போய் ஒப்புரவாகச் சொல்கிற வசனம் இல்லை இது. அடிபட்ட பெண்ணிடம் இந்த வசனத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அவர்கள்மேல் இருக்கும் குறையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஞாயிறு காலை பற்றி அதிகம் சொல்ல இல்லை. சனிக்கிழமை ஒழுங்காக இருந்தால் ஞாயிறு காலை தானாக நடக்கும். நகரத்துக்குள் ஓட்டப்பந்தயம் என்று சாலைகளை மூடுகிற ஞாயிறுகளில் நாங்கள் கொமுட்டர் ரயிலில் போகிறோம். செந்தூல், புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், அடுத்தது கேஎல் சென்ட்ரல். இந்தத் தூரத்துக்குள் ஆரோகண சங்கீதங்களில் ஒன்றை நிதானமாக வாசித்துவிடலாம். 120 முதல் 134 வரை 15 சங்கீதங்கள். 132 மட்டும் கொஞ்சம் நீளம், 131, 133, 134 மூன்றும் மும்மூன்று வசனம்தான். எருசலேமுக்கு ஏறிப் போன யாத்திரிகர்கள் பாடியவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த வரிசை தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். 120-ல் ஆலயமே இல்லை. பொய் பேசுகிறவர்கள் நடுவில், சண்டைக்காரர்கள் நடுவில் குடியிருந்து அலுத்துப்போன ஒருவரின் முறையீடுதான் இருக்கிறது. 122-ல்தான் எருசலேமின் வாசல் வருகிறது. 130-ல் மறுபடி ஆழத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். 134-ல் இரவில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரர்களோடு முடிகிறது. எரிச்சலோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கும் முதல் பாட்டு தயாராக இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். காரில் போனாலும் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் சத்தமாக வாசிக்கலாம். எங்கள் காரில் மகன் வாசிக்கிறான். சண்டை நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை, குறைந்தபட்சம் 120 வாசிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அதே ரயில் எதிர்ப் பக்கம் பத்துமலைக்குப் போகிறது. தைப்பூச நாட்களில் அதில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வருஷா வருஷம் காவடி எடுப்பவர். 48 நாள் விரதம். சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, வீண் பேச்சு கிடையாது. மகன் சின்னப் பையனாக இருக்கும்போது ஒரு நாள் கேட்டான்: "அந்த அங்கிள் இவ்ளோ நாளா ரெடி ஆகுறாரு. நாம ஏன்மா காலையில எந்திரிச்சு உடனே போயிடுறோம்?" நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அத்தையிடம் பதில் இருந்தது. தோட்டத்தில் திடப்படுத்தல் வகுப்பில், திருவிருந்து எடுக்கத் தொடங்கும் முன், மனப்பாடம் செய்த லூத்தரின் சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் நூலிலிருந்து மூச்சு விடாமல் சொன்னார். 1529-ல் வந்த நூல். திருவிருந்தைப் பாத்திரமாய், அதாவது தகுதியோடு, எடுக்கிறவன் யார் என்று அதில் ஒரு கேள்வி. உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல ஒழுங்குதான். ஆனால் உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, பாவமன்னிப்புக்காகச் சிந்தப்பட்டது என்கிற வார்த்தைகளை விசுவாசிக்கிறவனே மெய்யாகப் பாத்திரவானும் நன்றாக ஆயத்தப்பட்டவனும் என்பது பதிலின் சாரம்.

"அப்ப விரதம் வேணாமா பாட்டி?"

"வேணாம்னு எங்கடா சொன்னாரு? நல்லதுன்னுதான சொன்னாரு."

அந்த வருஷத்திலிருந்து லெந்து காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தை, வீட்டில் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொண்டோம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகளை உபவாச நாளாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் அது 40. ஆளுக்கு ஒன்றை விடுகிறோம். நான் மெகா தொடர், மகன் இரவு நேர விளையாட்டு, வீட்டுக்காரர் தே தாரிக் தேநீர். அவருடையதுதான் எங்கள் எல்லோருக்கும் கஷ்டம்.

பக்கத்து வீட்டு அண்ணனின் ஒழுக்கத்தைப் பார்த்து எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் வேதத்தில் ஆயத்தத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை, ஆயத்தம் அரைகுறையாக இருந்த கதை. 2 நாளாகமம் 30. எசேக்கியா ராஜா, எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக ஆசரிக்கும் பஸ்கா பண்டிகையை மறுபடி தொடங்குகிறார். முதல் மாதத்தில் நடக்க வேண்டியது. ஆசாரியர்கள் போதுமான அளவுக்குத் தங்களைப் பரிசுத்தம் பண்ணிக்கொள்ளாததாலும், ஜனங்கள் வந்து சேராததாலும் இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிப் போனது. அப்படியும் எப்பிராயீம், மனாசே, இசக்கார், செபுலோன் பக்கமிருந்து வந்த அநேகர் சுத்திகரிப்பு முறைகளைச் செய்யாமலே பஸ்காவைச் சாப்பிட்டுவிட்டார்கள். எசேக்கியா அவர்களைத் துரத்தவில்லை. முறைப்படி சுத்தமாகாவிட்டாலும், தேவனைத் தேடத் தங்கள் இருதயத்தை நேராக்கின எல்லோருக்கும் கர்த்தர் கிருபை செய்ய வேண்டும் என்று ஜெபித்தார். கர்த்தர் அதைக் கேட்டார்.

எங்கள் ஐக்கியத்தில் சிலர் திருவிருந்துக்கு எழுந்து போக மாட்டார்கள். "இந்த வாரம் வீட்டுல பெரிய சண்டைக்கா, எனக்குத் தகுதி இல்ல." அபாத்திரமாய்ப் புசிக்கிறவனைப் பற்றி 1 கொரிந்தியர் 11-ல் பவுல் எழுதியதற்குப் பயந்துதான். அதே அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே இருந்து படிக்கச் சொல்வேன். கொரிந்துவில் என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்திக்கொண்டே ஒரே அப்பத்தில் பங்கு பெற்றார்கள். பவுலின் கோபம் அதன்மேல். சோதித்தறியுங்கள் என்று சொன்ன கையோடு, சோதித்தறிந்து புசியுங்கள் என்றுதான் சொல்கிறார், சோதித்தறிந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லவில்லை. தகுதி வந்த பிறகு வருகிறேன் என்று காத்திருப்பவருக்கு அந்த ஞாயிறு வரப்போவதில்லை. வீட்டுச் சண்டைக்கு ஒரு போன் போதும் என்றால், சனிக்கிழமையே போடலாம்.

2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக எம்சிஓ, அதாவது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, தொடங்கி ஆலயங்கள் மூடியபோது இந்தப் பழக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் அர்த்தமில்லாமல் போய்விட்டதாகத் தோன்றியது. போக இடமில்லை, சேலை எதற்கு? நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யூடியூபில் பிரசங்கம் கேட்டேன். அத்தை தலைவாரி, வெள்ளைச் சேலை கட்டி, தொலைக்காட்சிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்து நின்றார், விசுவாசப் பிரமாணத்துக்கும் நின்றார். அவர் நிற்கும்போது நாங்கள் சோபாவில் சாய்ந்திருக்க முடியவில்லை. வெங்காயக் கத்தி அடுத்த வாரத்திலிருந்து சமையலறையிலேயே இருந்துவிட்டது.

ஆலயத்துக்குள் வந்த பிறகு ஆயத்தத்தைக் கெடுப்பது வேலைதான், அதுவும் ஆலய வேலை. பூ வைப்பவர், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, ஒலிபெருக்கி பார்க்கிற தம்பி. மற்றவர்கள் ஆராதிக்க நாம் ஓடிக்கொண்டிருப்போம். இயேசு வீட்டுக்கு வந்தபோது உபசரிப்பு வேலையில் ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளைத் திட்டுகிற பிரசங்கம் எனக்குப் பிடிக்காது. அவள் சமைக்காவிட்டால் அன்று யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. நான் பூ முறையில் இருக்கும்போது சனி சாயங்காலமே போய் வைத்துவிடுகிறேன். ஞாயிறு தண்ணீர் மட்டும் ஊற்றி, வாடிய இலையைக் கிள்ளினால் போதும். முடிந்ததும் கையைக் கழுவி, பக்கவாசல் வழியாக வெளியே போய், முன்வாசல் வழியாக மறுபடி உள்ளே வருவேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் வேலைக்காரியாகப் போனவள் சபையாரில் ஒருத்தியாக வந்து உட்கார அது உதவுகிறது. அந்த ஞாயிறுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் வேதபாடங்களை வியாழன் இரவே வீட்டில் ஒருமுறை வாசித்துவிடுவதும் பழக்கம். பிரசங்கத்தில் நடுவில் கவனம் போனாலும் திரும்பி வர வழி தெரியும்.

எவ்வளவு செய்தாலும் ஒன்றுமே உள்ளே இறங்காத ஞாயிறுகள் உண்டு. அம்மா போன பிறகு பல வாரங்கள் எனக்கு அப்படித்தான். கீர்த்தனைப் புத்தகம் கையில் திறந்திருக்கும், வாய் அசையாது. "என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது" என்று 57-ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்கிறாரே, அதன் தலைப்பைப் படித்தால் அவர் அப்போது சவுலுக்குத் தப்பி ஒரு குகைக்குள் இருக்கிறார். என் ஆத்துமா சிங்கங்களின் நடுவில் இருக்கிறது என்று அதே சங்கீதத்தில் சொல்கிறார். மனநிலை நன்றாக இருந்த நாளில் எழுதியதாகத் தெரியவில்லை. அந்த வாரங்களில் நான் செய்தது ஒன்றுதான்: போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாடினார்கள். என் பங்கையும் சேர்த்துத்தான் பாடியிருப்பார்கள்.

ஐக்கியக் கூட்டம் முடிந்ததும், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, சனிக்கிழமை, வியாழக்கிழமை எல்லாம் எனக்கு எங்க இருக்கு? நான் தூங்கியே மூணு மாசம் ஆச்சு." அவளுக்கு இந்தப் பட்டியல் எதுவும் பொருந்தாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரும் நீயும் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் பிரசங்கம் உனக்கு, குழந்தை அவருக்கு, மறுவாரம் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் ஆரம்பித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். இவள் எங்கள் வரிசையில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டாள். அத்தை தட்டி எழுப்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடிக்குக் கீழே படுத்துத் தூங்கி, எழுந்து சாப்பிட்ட பிறகுதானே 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போனார், விடுங்கள் அத்தை என்று மெதுவாகச் சொன்னேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "எலியா பிரசங்கத்துலயா தூங்குனாரு?"